லீவு விட்டா செட்டோட கிளம்பிருவோம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. எங்க குழுவுல கணக்கு எழுதுறேன். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க அம்மா கரகாட்டம் ஆடுனவங்க. இதை ஊரறிய நான் சொல்றது இன்னைக்குத்தான்.

முழுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டா மத்த பிள்ளைங்க ஆத்தா வீட்டுக்குப் போகும். நான் அம்மாவோட செட்டுல கிளம்பிருவேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் ஊர் ஊரா அம்மன் கோயில் பொங்கல் நடக்கும். ஊருக்கெல்லாம் அது திருவிழா. எங்களுக்கு அதுதான் அறுவடை. அந்த மூணு மாசச் சம்பாத்தியத்துலதான் மீதி மாசமெல்லாம் அடுப்பு எரியணும். மார்கழியில யாரும் கூப்பிட மாட்டாங்க.

ஒரு வேனுக்குள்ள நாதசுரம் ரெண்டு பேர், தவில் ரெண்டு பேர், பம்பை, உறுமி, தமுக்கு, அம்மா, அம்மாவுக்கு ஜோடியா ஆடுற சித்தி, கோமாளி வேஷம் கட்டுற மாமா எல்லாரும் ஏறுவோம். கரகத்தை அம்மா மடியிலதான் வச்சுக்கிருவாங்க. வெறும் செம்பே ரெண்டு கிலோ இருக்கும். அதுக்குள்ள மூணு கிலோ அரிசியும் ஒரு ரூபாய்க் காசும் போடுவாங்க. மேல பூக்கூடு, அதுக்கும் மேல கிளி. அஞ்சு கிலோவைக் கை படாம தலையில வச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் ஆடணும்.

விடிஞ்சதும் படுக்க இடம் தேடுவோம். லீவுங்கிறதால பள்ளிக்கூட வராண்டாவை விடுவாங்க. கக்கூசு மட்டும் பூட்டிக் கிடக்கும். அம்மாவும் சித்தியும் வெளிச்சம் வர்றதுக்குள்ள கருவக்காட்டுக்குப் போயிட்டு வந்துருவாங்க. அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் தண்ணிகூட அளந்துதான் குடிப்பாங்க. வீட்டுக்குத் தூரமான நாளா இருந்தாலும் அச்சாரம் வாங்கியாச்சுன்னா ஆடித்தான் ஆகணும். சேலை மாத்தும்போது நானும் சித்தியும் போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். சாமத்துல முழிச்சுப் பார்த்தா அம்மா கழுத்துல தைலம் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க.

ஒரு ஊர்ல குடிச்சுட்டு வந்த ஒருத்தன், ஜாக்கெட்டுல ரூபாய் நோட்டைக் குத்துறேன்னு கிட்ட வந்தான். மேளம் நின்னுபோச்சு. அம்மா ரெண்டடி பின்னால போய், "தம்பி, நோட்டைத் தரையில வைங்க"ன்னாங்க. வச்சான். அம்மா கரகம் சாயாம பின்னால வளைஞ்சு, கண்ணு இமையாலேயே அந்த நோட்டை எடுத்தாங்க. கூட்டம் கை தட்டுச்சு. அவன் போயிட்டான். வேன்ல ஏறுனதுக்கப்புறம்தான் அம்மா அழுதாங்க. நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப, அம்மா என்ன வேலைன்னு கேட்டவங்ககிட்ட கூலி வேலைன்னு சொல்லிட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க குழுவுல கரகம் ஆடுற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. 2019 சித்திரையில அவங்க தொடர்ந்து கூட்டத்துக்கு வரலை. வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுறது, கணக்குப் புத்தகம்னு நம்ம அஞ்சு சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். முதல் சூத்திரமே உடைஞ்சுபோச்சு, எடுத்துருவோம்னு பேசினாங்க. அந்த அக்கா எங்க படுத்திருக்காங்க, எந்தக் கருவக்காட்டுக்குப் போறாங்கன்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நான். வாயைத் திறந்தா என் கதை வெளிய வந்துருமேன்னு பேசாம இருந்தேன். தீர்மானத்தை என் கையாலதான் எழுதினேன்.

அடுத்த வருஷம், 2020 பங்குனியில ஊரடங்கு வந்துச்சு. ஒரு ஊர்லயும் திருவிழா இல்லை. குழுவுல இருந்திருந்தா அந்த அக்கா உள்கடன் வாங்கியிருக்கலாம். வெளியில பத்து வட்டிக்கு வாங்கினாங்க. பித்தளைச் செம்பு அடகுக்குப் போச்சு. அதைக் கேள்விப்பட்டு எங்க அம்மா, "செம்பை அடகு வச்சா அவ எதைத் தூக்கிக்கிட்டு ஆடுவா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சோறு இறங்கலை.

2021-ல கூட்டத்துல எந்திரிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஒருத்தரும் என்னைக் கேவலமாப் பேசலை. ஒரு பெரியம்மா மட்டும், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா அவளை எடுத்திருக்க மாட்டோமேடி"ன்னாங்க. அந்த ஒரு சொல்லு இன்னும் எனக்கு உறுத்துது.

அந்த அக்காவை மறுபடியும் சேர்த்தோம். வாரச் சேமிப்பு 50 ரூபாய். கிளம்புறதுக்கு முன்னாடியே 12 வாரத்துக்கு 600 ரூபாயைக் கட்டிட்டுப் போறாங்க. கடன் தவணையைச் சீசன்ல கூடவும், மத்த மாசத்துல குறைச்சும் கட்ட ஒத்துக்கிட்டோம். கூட்டத்துல பேசினதை நான் போன்ல சொல்லிருவேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு தவணை தவறலை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துலயும் பதியச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கூட்டமைப்புகிட்ட நான் கேட்கிறது ரெண்டுதான். ஆட்டத்துக்கோ, கரும்பு வெட்டுக்கோ, செங்கல் சூளைக்கோ வெளியூர் போற பெண்களை, வரலைங்கிற ஒரே காரணத்துக்காக எடுத்துராதீங்க. எங்க போனாங்கன்னு முதல்ல கேளுங்க. ரெண்டாவது, உங்க ஊர்த் திருவிழாவுக்குச் செட்டு வந்தா, கதவு உள்ள ஒரு ரூமும், பூட்டாத கக்கூசும், ஒரு குடம் தண்ணியும் கொடுங்க. கமிட்டியில ஆம்பளைங்களுக்கு இது தோணாது. நாமதான் போய்ச் சொல்லணும்.

எங்க அம்மா பின்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அம்மா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. எல்லாரும் உங்களைப் பார்க்கட்டும்.