நெய்தல் நிலத்திற்கு ஒரு பூங்கா

நகரத்துக்குப் பூங்கா அமைப்பது வீட்டுக்குத் தளபாடம் வாங்குவதைப் போன்ற காரியம் என்று எண்ணுவோர் உண்டு. நாற்காலியை எந்த வீட்டிலும் கொண்டுபோய் வைக்கலாம். அதுபோலவே புல்தரை, பூம்பாத்தி, நீரூற்று, சீமெந்து வாங்கு ஆகியவற்றை எந்த ஊரிலும் வைத்துவிடலாம் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறு அமைந்த பூங்காக்கள் பல, திறப்பு விழா முடிந்த மறு ஆண்டிலேயே புல் கருகி, நீரூற்று வறண்டு, ஆளற்றுக் கிடப்பது கண்கூடு. பூங்கா மண்ணில் வேர்கொள்ள வேண்டும். அம்மண்ணில் வாழும் மக்கள் நெஞ்சிலும் வேர்கொள்ள வேண்டும்.

இவ்வுண்மை தமிழருக்குப் புதியதன்று. பண்டைப் புலவர் ஒரு நிலத்தை மூன்று கூறாக வகுத்து நோக்கினர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் மலரும், விலங்கும் பறவையும், மக்களும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழ்வோரின் உள்ளத்து உணர்ச்சி உரிப்பொருள். செய்யுளுக்காக வகுத்த இம்முறை பூங்கா அமைப்போனுக்கும் நல்ல வழிகாட்டியாகும். திருகோணமலையிலே, கோட்டையை அடுத்து டச்சு பே என்னும் குடாவை அணைத்துச் செல்லும் கரையை இம்முறைகொண்டு நோக்குதல் பயனுடையது.

முதலில் நிலமும் பொழுதும். உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. உள்துறைமுகம் குன்றுகள் சூழ அமைதியாகக் கிடக்கும். டச்சு பேயோ கிழக்குக் கடலை நோக்கித் திறந்து கிடக்கும். ஒக்டோபரிலிருந்து சனவரி வரை வாடையோடு மழை கொட்டும். ஆண்டின் மழையிற் பெரும்பகுதி இக்காலத்திலேயே பெய்துவிடும். பின்னர் நெடுங்காலம் வெயில். கச்சான் வீசும் மாதங்களில் இலையும் மண்ணும் தீய்ந்துபோகும்.

கொழும்பிலே காலிமுகத்திடல் நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டில் தொடங்கி 1859ஆம் ஆண்டில் முடித்தார். நகரத்துப் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார். அப்பரந்த வெளியின் பெருமையைக் கண்டு, அதே புல்தரையைத் திருகோணமலையிலும் விரிக்க விரும்புவது இயல்பு. ஆயின் கொழும்புக்கு இரு பருவத்திலும் மழை உண்டு. திருகோணமலையில் அப்புல்லைக் காக்கக் கோடை முழுவதும் நீர் இறைக்க வேண்டும். கரையோர மணலின் கீழ் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். புல்லுக்காகக் கிணற்றைக் கெடுப்பது அறிவுடைமையாகாது. வார்ட்டிடமிருந்து பெறத்தக்கது புல்லன்று. திறந்த வெளியொன்றை வருங்கால மக்களுக்கென ஒப்படைக்கும் அந்த எண்ணமே.

இனிக் கருப்பொருள். கரைமணலை அள்ளுண்டு போகாமற் பிடித்து வைப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஆகும். துப்புரவு என்ற பெயரால் இவற்றை வாரி எறிந்துவிட்டு, வேற்றூர்ப் பூஞ்செடிகளைச் சட்டியில் வளர்ப்போர் உளர். இராவணன் வெட்டைப் பெருமையோடு காட்டும் ஊரில் இராவணன் மீசைக்கு இடமில்லையெனில் அது வேடிக்கையே. நிழலுக்குப் புன்னையும் பூவரசும் வேம்பும் உண்டு. வேலிக்குத் தாழை உண்டு. இவை உப்புக் காற்றையும் கோடையையும் தாங்கிப் பழகியவை.

பிரெட்றிக் கோட்டையில் வாழும் புள்ளிமான்களையும் மறத்தலாகாது. அவை கோட்டைக்கு வெளியே வந்து, வீதியோரக் குப்பையில் பொலித்தீன் பைகளைத் தின்னுவது நகரத்தார் பன்முறை கண்டு வருந்திய காட்சி. மானுக்கு மேய்ச்சலும் நிழலும் தண்ணீரும் அளித்து, குப்பையை அதன் வாய்க்கு எட்டாமல் வைக்கும் பூங்காவே அவ்வூருக்கு ஏற்ற பூங்கா. கரையில் வள்ளம் ஏற்றி, வலை உலர்த்தும் கடற்றொழிலாளரும் அந்நிலத்துக்குரியவரே. அழகின் பெயரால் அவர்களை அகற்றிய கடற்கரை நெய்தலாகாது.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று கருதுவோர் சென்னையை நோக்கலாம். அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி, கட்டட இடிபாடும் குப்பையும் நிறைந்து கிடந்த 58 ஏக்கர் நிலத்தைத் துப்புரவாக்கி, நீர்நிலைகளை மீட்டு, அவ்விடத்துக்கேற்ற மரஞ்செடிகளையே நட்டு, 2011ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்கா எனத் திறந்தனர். மண்ணுக்குரியதை மீட்டுக் கொடுத்ததும் பறவைகள் தாமே வந்தன.

எஞ்சியிருப்பது உரிப்பொருள். இதுவே கடினமானது. நெய்தலுக்கு முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். திருகோணமலைக் கரைக்கு இது எத்துணைப் பொருத்தம்! பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். ஆலயத்துக் கற்கள் கோட்டைச் சுவரிற் புகுந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் மாலை, கடற்கரைக் காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டோர் போதிய சான்றில்லையென 2019ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டனர். அம்மாலையை அவ்வூர் மறந்துவிடவில்லை.

இத்தகைய கரையில் வண்ண விளக்குகளை நாட்டி, உல்லாசத்துக்கு மட்டும் ஒரு பூங்கா அமைத்தால், அது துயரத்தின்மேல் விரித்த பாயாக முடியும். மாறாக, ஒரு சாராரின் நினைவை மட்டும் பெருஞ்சின்னமாக எழுப்பினால், ஏனையோர் அவ்விடத்தை விட்டு விலகுவர், பூங்கா போட்டிக்களமாகும். நினைவைக் கொண்டே நிலத்துக்கு உரிமை கொண்டாடும் வழக்கம் இந்நாட்டில் எத்துணைக் கேடு விளைத்ததென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. பெருஞ்சின்னங்களைத் தவிர்த்து, கடல் நோக்கிய நிழலான இருக்கைகளை அமைக்கலாம். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே, நாளும் இடமும் பிழையின்றி, மூன்று மொழிகளிலும் சிறு கற்களிற் பொறிக்கலாம். எதனையும் கூட்டவும் வேண்டாம். எதனையும் மறைக்கவும் வேண்டாம். எந்தக் கல் எங்கே நிற்பதென்பதை வரைபடக்காரர் தனித்துத் தீர்மானித்தலும் தகாது. பிள்ளையை இழந்த தாயையும், அலையில் வீட்டை இழந்த தொழிலாளியையும், மூவினத்து முதியோரையும் முதலிற் கேட்டல் வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்பதற்குச் செலவாகும் மாதங்களே அப்பூங்காவின் அத்திவாரமாகும்.

புன்னைக் கன்று நிழல் தரும் மரமாவதற்கு ஆண்டுகள் பல செல்லும். நடுகின்றவன் அந்நிழலில் நெடுங்காலம் அமர்ந்திருக்கப் போவதில்லை. அவன் பிள்ளைகளும் அயலான் பிள்ளைகளும் அமர்வர். அவர்கள் ஒரே நிழலில் அச்சமின்றி அமரக்கூடிய இடமொன்றைத் திருகோணமலைக் கரையில் விட்டுச் செல்வதே பூங்கா அமைப்போரின் கடமையாகும்.