உறங்கி விழித்த விண்கலம்



2004ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ரொசெட்டா என்னும் விண்கலம் வால்வெள்ளியொன்றை நாடிப் புறப்பட்டது. அவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்த நம் நாட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான 2014ஆம் ஆண்டிலேதான் அது இலக்கை அடைந்தது. பெற்றோர்களே, அக்காலத்தின் நீளத்தை நீங்கள் அறிவீர்கள்.

அந்த இலக்கும் முதலில் எண்ணியதன்று. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் விர்ட்டானென் என்ற வால்வெள்ளிக்கே கலத்தை அமைத்திருந்தது. 2002 டிசம்பரில் ஏரியன் 5 ரொக்கெட்டொன்று தோல்வியுறவே, அதே வகை ரொக்கெட்டில் 2003 ஜனவரியில் தொடங்கவிருந்த பயணம் தடைப்பட்டது. வால்வெள்ளி எவருக்காகவும் காத்திராது. எனவே 1969இல் கண்டறியப்பட்ட சுரியூமொவ்-கெராசிமென்கோ என்னும் மற்றொன்று தெரிவாயிற்று.

நேரே அங்கு செலுத்த எந்த ரொக்கெட்டுக்கும் வலுவில்லை. பூமியை மும்முறையும் செவ்வாயை ஒருமுறையும் அணுகி, அவற்றின் ஈர்ப்பினால் வேகம் பெற்றே கலம் சென்றது. சூரியனிலிருந்து ஏறத்தாழ 800 மில்லியன் கிலோமீற்றர் வரை விலகியபோது சூரிய ஒளி குன்றியது, மின்சாரமும் குன்றியது. ஆகவே 2011 ஜூனில் கணினியையும் சில வெப்பமூட்டிகளையும் தவிர யாவும் நிறுத்தப்பட்டன. முப்பத்தொரு மாதங்கள் ஒரு செய்தியும் இல்லை!

2014 ஜனவரி 20. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரக் கட்டுப்பாட்டு நிலையத்தில், மாலை 6.30 மணி முதல் அனைவரும் திரையையே நோக்கியிருந்தனர். கலத்தின் கடிகாரம் தானாகவே அதனை எழுப்ப வேண்டும்; இங்கிருந்து செய்யக்கூடியது எதுவுமில்லை. இளமையில் இப்பணியிற் சேர்ந்து தலைநரைத்தோரும் அங்கிருந்தனர். 7.18 மணிக்குத் திரையில் சிறு கோடொன்று உயர்ந்தது. அந்தச் சமிக்ஞை பூமியை வந்தடைய முக்கால் மணி நேரம் சென்றிருந்தது.

ஓகஸ்ட் 6இல் ரொசெட்டா வால்வெள்ளியை அடைந்தது. நவம்பர் 12இல் அது இறக்கிய பிலே என்னும் சிறுகலம், பற்றிக்கொள்ள வேண்டிய ஈட்டிகள் இயங்காமையால் துள்ளித் துள்ளி ஒரு நிழலிடுக்கில் ஒதுங்கியது. ஆயினும் இரண்டு நாட்களுக்கு மேல் ஆய்வுகளைச் செய்து அனுப்பிய பின்னரே அதன் மின்கலம் ஓய்ந்தது. 2016 செப்டெம்பர் 30இல் ரொசெட்டாவும் அதே வால்வெள்ளியின் மேல் இறக்கப்பட்டு மௌனமாயிற்று.

கிளைசின் என்னும் அமினோ அமிலம் அங்கிருப்பது தெரியவந்தது. அங்குள்ள நீரில் கன ஐதரசனின் பங்கு நமது கடல்நீரிலும் மும்மடங்கு எனக் கணிக்கப்படவே, பூமிக்கு நீரைக் கொணர்ந்தவை இத்தகைய வால்வெள்ளிகள் அல்ல என்றனர். ஆனால் அதே தரவுகளை மீளாய்ந்தோர், தூசியினால் அந்த அளவு கூடித் தோன்றியிருக்கலாம் என 2024இல் அறிவித்தனர். கலம் ஓய்ந்துவிட்டது, அது அனுப்பிய தரவுகளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.