கப்பலைத் தேடும் கணை



1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எனக்கு வயது பத்து. தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின்முன் மாலைதோறும் ஊரே கூடும். கராச்சித் துறைமுகத்தை நம் கப்பற்படை தாக்கியது என்ற செய்தி வந்தபொழுது அனைவரும் ஆரவாரித்தனர். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் மட்டும் என் தந்தையாரிடம், "எந்தக் கப்பல்னு சொன்னாவளா, தம்பி?" என்று கேட்டார். அவர் மகன் கப்பற்படை மாலுமி.

டிசம்பர் 4-ஆம் நாள் இரவு சென்ற படகுகள் நிபாத், நிர்காத், வீர் என்பன. சோவியத் நாட்டில் கட்டப்பெற்ற அச்சிறு படகுகளால் நெடுந்தொலைவு செல்ல இயலாது; ஆகவே பாதி வழி வரை அவற்றைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். ஒவ்வொன்றிலும் நான்கு ஏவுகணைகள். நிர்காத் ஏவிய கணைகளால் கைபர் என்னும் பாகிஸ்தானிய நாசகாரிக் கப்பல் மூழ்கிற்று. வானில் வந்த ஒளியை அதன் மாலுமிகள் விமானம் என்றே கருதினர்.

இவ்வினக் கணை உலகறிய வெற்றி கண்டது 1967 அக்டோபர் 21 அன்று. எகிப்தியப் படகுகள் இஸ்ரேலின் ஐலாத் கப்பலை அதனால் மூழ்கடித்தன. அதற்கும் முன்னர், 1943-இலேயே ஜெர்மானியர் விமானத்திலிருந்து வானொலி அலைகளால் இயக்கிய குண்டுகளைக் கப்பல்கள்மீது ஏவினர். ஆனால் அங்கே வழிநடத்த ஒரு மனிதன் இறுதிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பின்வந்த கணைக்கு அம்மனிதன் வேண்டுவதில்லை. அதன் வயிற்றிலுள்ள சுழலிகள் திசை பிறழாமல் காக்கின்றன. உயரமானி கடல் மட்டத்தை அளக்கிறது. மூக்கிலுள்ள ராடார் அலைகளை வீசி, கப்பலில் பட்டு மீளும் எதிரொலியைப் பற்றிக்கொள்கிறது. அதன் பின்னே வெடிமருந்து, வாலில் உந்துபொறி.

உந்துபொறியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். இந்தியாவும் ரஷ்யாவும் 1998-இல் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய பிரமோஸ் கணையைக் கொள்வோம். பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்னும் இரு நதிகளின் பெயரே அப்பெயர். (நம் பொருநைக்கு இடம் கிட்டவில்லை, எனினும் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய சிவதாணுப் பிள்ளை நம் அண்டையூராகிய நாகர்கோவிலைச் சேர்ந்தவர்.) ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றை எதிர்த்து நடந்தவர்களுக்கு, அக்காற்று மார்பில் வந்து அழுந்துவது தெரியும். பிரமோஸின் பொறியும் அங்ஙனமே எதிர்க்காற்றைத் தன் வேகத்தாலேயே அழுத்தி, எரிபொருளை எரிக்கிறது. காற்றை அழுத்தும் சக்கரம் எதுவும் அதனுள் இல்லை. ஆனால் நின்ற நிலையில் அது இயங்காது. தள்ளிவிட்டால்தான் ஓடும் பழைய மோட்டார் வண்டி போன்றது. தள்ளிவிடுவதற்கே முதலில் ஒரு திண்ம எரிபொருள் ராக்கெட் எரிகிறது. அதன் முதற் சோதனை 2001 ஜூன் 12 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரில் நிகழ்ந்தது. 2020 முதல் தஞ்சாவூர் விமானத் தளத்திலும் அதனைத் தாங்கும் விமானங்கள் உள்ளன.

இனி ஒரு கணக்கு. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால், தொலைவில் வரும் கப்பலின் உச்சிதான் முதலில் தெரியும். பூமியின் வளைவே காரணம். கடலுக்குமேல் 10 மீட்டர் உயரத்தில் வரும் கணையை, 20 மீட்டர் உயரத்தில் ராடார் வைத்திருக்கும் கப்பல் சுமார் 30 கிலோமீட்டரில்தான் காண முடியும். கணையின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். எஞ்சுவது அரை நிமிடம். கண்டறிவதும், முடிவு செய்வதும், எதிர்த்துச் சுடுவதும் அதற்குள். வகுப்பில் இக்கணக்கைப் போட்டவுடன் மாணவர் கைதட்டினர், ஒரு பெண் மட்டும், "அந்தக் கப்பலில் எத்தனை பேர் ஐயா?" என்றாள். கைபரில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று சொன்னேன். அதே போரில், டிசம்பர் 9 அன்று, நீர்மூழ்கியின் டார்ப்பீடோவால் நம் குக்ரி கப்பலும் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதனோடு போயினர்.

அச்செய்திக்குப் பின் ஆச்சி வானொலிப் பெட்டியருகே வரவேயில்லை. பொங்கலுக்கு முன்னர் ஓர் அஞ்சலட்டை வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். தான் நலம் என்றும், பிசானப் பயிர் எப்படி இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். கப்பலின் பெயர் அதில் இல்லை.