குளத்து நீரும் குடும்பத்து உணவும்



வன்னியிலே, குளமொன்றை அண்டிய கிராமத்தில் அமைந்த அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகப் பணியாற்றுகின்றேன். குளத்தில் நீர் வற்றிய ஆண்டுகளிலே, காலை வணக்கத்தின்போது சோர்ந்து நிற்கும் பிள்ளைகளின் தொகை கூடுவதைக் கண்டிருக்கின்றேன். ஆகையால், காலநிலை மாற்றம் என்பது எனக்கு வெறும் ஏட்டுப் பாடமன்று.

ஐப்பசியில் மழை இறங்குமென நம்பி, ஆவணி, புரட்டாதி மாதங்களிற் புழுதியில் நெல்லை விதைப்பது மழையை நம்பிய வடபுலத்துக் கமக்காரரின் வழக்கம். இன்று அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியிற் பருவமழை பொய்த்தது. அடுத்து வந்த காலபோக அறுவடை, நாடு முழுவதையும் நோக்குமிடத்து, முந்திய காலபோகத்தின் ஏறத்தாழப் பாதியாகக் குன்றியது. 2018ஆம் ஆண்டு மார்கழியிலோ கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடிற்று. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரின், வளி சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே, பெய்யும் மழை ஒரேயடியாகக் கொட்டும் நிலைமை மிகுகின்றது.

இதற்குச் சிறு கமக்காரன் செய்யத்தக்கது யாது? முதலாவது, வயது குறைந்த நெல்லினத்தைத் தெரிந்தெடுத்தல். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.ஜி. 250 என்னும் இனம் ஏறக்குறைய 80 நாள்களில் விளையும். நாள் கூடிய நெல்லைப்போல் விளைச்சல் தராவிடினும், நீர் தீருமுன் அது களஞ்சியத்தைச் சேரும். இரண்டாவது, நெல் அறுத்த வயலிற் பயறு, உழுந்து, எள் ஆகியவற்றை விதைத்தல். இவற்றுக்கு நெல்லினும் மிகக் குறைந்த நீரே போதும்.

மூன்றாவது, தனியொருவனாற் செய்ய முடியாதது. நீர் குறைந்த சிறுபோகத்திலே, குளத்துக்கு அண்மையான வயல்களை மாத்திரம் எல்லாரும் பங்கிட்டுச் செய்தல். சிங்களக் கமக்காரர் இதனைப் ‘பெத்ம’ என்பர். நெடுந்தூர வாய்க்காலில் நீர் வீணாவதை இது தடுக்கும். எனினும், மேல்வயற்காரன் தன் நிலத்தை ஒரு போகத்துக்குப் பிறருக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

எங்கள் கிராமத்துக் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர், “என் தகப்பன் காடு வெட்டித் திருத்திய வயலை நான் ஏன் விடவேண்டும்?” என வெகுண்டார். கீழ்வயற் பெண்ணொருத்தி எழுந்து, “ஐயா, வெள்ளத்திலே குளக்கட்டு உடையப் பார்த்த இரவில் மண்மூடை சுமந்தவர்களிற் பாதிப்பேர் நாங்கள்தானே?” என்றாள். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சரி பிள்ளை, அளந்து விடுங்கோ” என்றார்.

அப்போகத்தில் எவர் வீட்டிலும் நெல் குவியவில்லை. ஆயினும், எந்த வீட்டிலும் விதைநெல்லை உலையிலிடவேண்டிய நிலை வரவில்லை. விதைநெல்லை உண்டவன் அடுத்த போகத்துக்குக் கடனாளியாவான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பங்கீடு புதுநீரைச் சுரக்காது. குளத்தைத் தூர்வாருவதும், வானிலை அறிவித்தலை உரிய வேளையிற் சேர்ப்பதும் அரசின் கடன். உள்ள நீரை நீதியுடன் பகிர்வது நம் கடன். அடுத்த போகக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்தபின் விதையைத் தீர்மானியுங்கள்.