30 செக்கனில் வெட்டுப்பட்ட வரி

என்ர தமிழ் நடுவில தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

லண்டனில் நான் சனிக்கிழமைகளில் போய் உதவுகிற அகதிகள் தொண்டு நிறுவனத்துக்காக, உள்ளூர் வானொலியில் போட 30 செக்கன் விளம்பரம் ஒன்று எழுதினோம். உணவுப்பொதி எங்கே கிடைக்கும், சட்ட ஆலோசனைக்கு யாரைக் கேட்பது என்ற விபரங்கள். கடைசியில் இப்படி: "தஞ்சம் கேட்டவர் 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வேலை செய்ய அனுமதியே கேட்கலாம். இந்த விதியை மாற்றச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்." மற்றதெல்லாம் சரியாம். அது மட்டும் வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தது.

நிலையத்து ஆட்களில் பிழையில்லை. 2003ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டத்தின் 321ஆம் பிரிவு, வானொலியிலும் டிவியிலும் அரசியல் விளம்பரத்தைத் தடுக்கிறது. சட்டத்தை மாற்றக் கேட்பதும் அதன் கணக்கில் அரசியல்தான். அதுவும் பிரித்தானியச் சட்டம் மட்டுமில்லை, எந்த நாட்டுச் சட்டமும். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லி, கை நிறையக் காசு கொடுத்தாலும் இங்கே விளம்பரம் போட ஏலாது. 1994இல், பழைய சட்டத்தின் கீழ், ருவாண்டா, புருண்டி பற்றிய அம்னெஸ்டியின் வானொலி விளம்பரம் மறுக்கப்பட்டது. 2005இல் 'மேக் பாவர்ட்டி ஹிஸ்டரி' விளம்பரங்களுக்கும் தடை.

இந்தத் தடையை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. எடுத்தால் முதலில் நேரத்தை வாங்குவது எண்ணெய்க் கம்பனிகள், நாங்கள் இல்லை. 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 9க்கு 8 என்று மயிரிழையில் தடையை ஏற்றது. ஆனால் அதே பிரிவில், அரசாங்கத் திணைக்களங்களின் பொதுச்சேவை விளம்பரங்களுக்கு விலக்கு இருக்கு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். உள்துறை அமைச்சு பேசலாம், அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறவர் பேச ஏலாது.

சரி, என்ன செய்யலாம்? தொண்டு நிறுவனம் என்றால், காசில்லாமலே நிகழ்ச்சிக்குள் உதவி கேட்டு வேண்டுகோள் விட இடமுண்டு. அந்தத் தகுதிக்கான ஆதாரத்தைக் கையோடு கொண்டுபோங்கோ. நிலையம் இயன்றளவு பல அமைப்புகளுக்கும் இடம் பகிர வேண்டும், அதனால் நேரத்தோடயே கேளுங்கோ. வெட்டுப்பட்ட வரிக்கு நேர்காணல் கேளுங்கோ. ஒரு தரப்புக்கே அளவுக்கு மீறி இடம் கொடுக்கக் கூடாது என்று அங்கேயும் விதி இருக்கு, எதிர்க்கருத்தும் வரும். ஆனால் வரியைச் சொல்லலாம்.

நாங்கள் கேட்டோம். வாற வியாழன் பின்னேரம் 12 நிமிஷம் தந்திருக்கினம். தமிழில் பேச ஆள் தேவை. அந்த 12 மாதத்தை இருந்து கடந்த ஒருவர் என்றால் நல்லது, பேர் சொல்லத் தேவையில்லை. கூட்டம் முடிய என்னட்ட வந்து கதையுங்கோ.