புறநகரில் வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஊரார் கடல் கடந்து பொருளீட்டச் சென்ற வரலாறு நீண்டது. அண்மைக் காலமாக வேறொரு பயணமும் தொடங்கியிருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள், சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையிலும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாகச் சேர்கின்றனர். பணி ஆணை கைக்கு வந்ததும் அவர்கள் எழுப்பும் முதற்கேள்வி, "குடும்பத்தோடு எந்தப் பகுதியில் குடியேறுவது?" என்பதே. அது குறித்துப் பேசுமாறு தலைவர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். இவ்விஷயத்தில் ஒருமுறை தவறிய அனுபவம் எங்களுக்குண்டு. அதனையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

2015-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலில் வீடு பார்த்தோம். முடிச்சூர்ப் பகுதியில் ஒரு தரைத்தள வீடு அமைந்தது. வாடகை குறைவு, பல்கலைக்கழகப் பேருந்து தெருமுனைக்கே வந்தது. நவம்பர் மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. "இதற்கு மேல் ஏறாது" என்றார் வீட்டு உரிமையாளர். நம்பினோம். டிசம்பர் முதல் தேதி இரவு வீட்டினுள் இடுப்பளவு வெள்ளம். பிள்ளைகளைத் தோளில் சுமந்து மாடி வீட்டாரிடம் அடைக்கலம் புகுந்தோம். சகோதர சமயத்தைச் சேர்ந்த அக்குடும்பத்தார் இரண்டு நாட்கள் எங்களுக்கு உணவளித்ததை என்றும் மறவோம். பத்தாண்டுகள் படித்துப் பெற்ற சான்றிதழ்கள் அனைத்தும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

அப்போது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசினார்கள். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறத்தில் இருப்பவை. அங்கே புகுந்தது, ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் இறங்கிய நீர். அவ்வூர்ப் பழங்குடிகளுக்கு இது தெரியும். தரகர் இதைச் சொல்வதில்லை. 2021-லும் வரதராஜபுரத்தில் வெள்ளம் புகுந்தது. ஆகவே வீடு பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை சென்று பாருங்கள். பணி ஆணை ஜூன் மாதத்தில் வந்தால் அதற்கு வழியில்லை. அப்போது தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரரிடம், "அண்ணே, 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது?" என்று கேளுங்கள். கையை வைத்தே காட்டிவிடுவார்.

இவ்வளவு எளிய கேள்வியை நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் எண்ணலாம். சொல்லச் சங்கடமான காரணம் ஒன்றுண்டு. அதற்கு முன் பார்த்த வீடுகளில், எங்கள் பெயரைக் கேட்டதும், "நேற்றே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்ற பதிலே வந்தது. ஐந்தாறு முறை இவ்வாறு கேட்டு மனம் நொந்தவர்கள், கொடுக்க முன்வந்த வீட்டை முன்பின் பாராமல் பற்றிக்கொண்டோம். நம்மவர் பலர் இவ்வாறே தாழ்வான பகுதிகளில் அகப்பட்டுக்கொள்கின்றனர். எனவே பணியில் சேரும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே தேடத் தொடங்குங்கள். அவசரம் இல்லாதவருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல இயலும்.

மறுமுறை தேடியபோது, பகல் முழுவதும் அந்தத் தெருவில் வாழப்போகிறவர்கள் யார் என்று முதலில் எண்ணிப் பார்த்தோம். பணிக்குச் செல்பவர் காலையில் போனால் மாலையில்தான் திரும்புகிறார். பிள்ளைகளும் பெண்களும் ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருமே அங்கே வாழ்பவர்கள். ஆகவே பல்கலைக்கழகத்திற்கு அருகாமை என்பதைக் கடைசியில் வைத்தோம். தாம்பரத்தில், இருப்புப்பாதைக்குக் கிழக்கே, மேடான தெருவொன்றில் முதல் மாடியில் வீடு எடுத்தோம். வாடகை கூடுதல்தான். பள்ளிக்கு நடந்தே செல்லலாம், பிள்ளைகள் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையின் வேகத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மஃரிபுக்குப் பின் மதரஸாவிலிருந்து திரும்பும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்பதையும் இரவில் நடந்து பார்த்தே முடிவு செய்தோம்.

ரயிலைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரையிலிருந்து வரும் மின்தொடர் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை செல்பவை குறைவு. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் வாடகை குறைவென்று செல்வோர், மனைவியும் நகருக்குள் பணிபுரிபவரானால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், ஊரிலிருந்து பெற்றோர் வந்துபோவது அப்பகுதியினருக்கு எளிதாகியிருப்பதும் உண்மை.

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறுவகையில் ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். தகுதிகாண் பருவம் முடியுமுன் கடன் பெற்று வீடு வாங்க முனையாதீர்கள்.

இவ்வாண்டு பணியில் சேரவிருப்போர் ஜமாஅத் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். வீடு பார்க்க வரும் நாளில் எங்கள் இல்லத்தில் தங்கலாம். இன்ஷா அல்லாஹ், தெருத்தெருவாக நாங்களும் உடன் வருகிறோம்.

வஸ்ஸலாம்.