யாருடைய நேரத்தை அளக்கிறோம்?

நகரத்து நெரிசலை எப்படி அளக்கிறார்கள், அதைக் குறைக்க எப்படி இலக்கு வைக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் குறைவு. அதனால் எனக்குப் பிடித்த பகுதியில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் பெரிய சந்திப்புகளில் மரத்தடியில் நாற்காலி போட்டு, அட்டையில் தாள் செருகி, வண்டி எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அந்த வேலையில்தான் தொடங்கினேன். கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். இப்போது கேமரா எண்ணுகிறது. கணக்கு மட்டும் பழைய கணக்குதான்.

எண்ணியதை அப்படியே கூட்டிவிட முடியாது. காரை 1 என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் காராக மாற்றுவார்கள். நகரச் சாலைகளுக்காக 1990இல் சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் கொடுத்த அளவுப்படி, டூவீலர் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பஸ் 2.2 முதல் 3.7 வரை. கைவண்டிக்குக்கூட 2 முதல் 3 வரை உண்டு. எந்த வண்டி சாலையை எவ்வளவு அடைக்கிறது என்று பார்க்க இது நல்ல கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிக்கட்டு வரை ஆள் தொங்கும் பஸ்ஸுக்கும், காலியாக டெப்போ திரும்பும் பஸ்ஸுக்கும் இதில் ஒரே மதிப்புதான்.

அதனால்தான் ஆள் கணக்கு என்று தனியாக ஒன்று எடுப்போம். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது! பஸ் கடந்துபோகும் இரண்டு மூன்று விநாடிக்குள், சீட் பாதியா, முழுசா, நிற்கிறார்களா, படியில் தொங்குகிறார்களா என்று கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். பழகியவர்கள் தலையை எண்ண மாட்டார்கள். இந்தப் பக்க ஜன்னல் வழியாக அந்தப் பக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியவில்லையா, பஸ் நிரம்பிவிட்டது.

வேகம் அளப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஸ்டாப்வாட்ச்சோடு காரில் போவோம். இப்போது உங்கள் போனே அந்தத் தகவலைத் தந்துவிடுகிறது. இரண்டிலும் கிடைப்பது பெரும்பாலும் ஓடும் வண்டியின் வேகம்தான்.

வண்டியில் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பின்னாலும் போகும் நேரம்? சென்னை கண்ணகி நகரில் வீடு வீடாகப் பயண விவரம் கேட்கப் போயிருந்தோம். மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா சொன்னார்: "எட்டு மணிக்கு வேலை சார். ஆறு மணிக்கே கிளம்பிடுவேன். ஒரு நாள் ஏழேகாலுக்கே போயிடுவேன், ஒரு நாள் எட்டாகும். சீக்கிரம் போனா வாட்ச்மேன் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்." எங்கள் படிவத்தில் பயண நேரத்துக்குக் கட்டம் இருந்தது. வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்துக்குக் கட்டம் இல்லை.

அந்த முக்கால் மணி நேரமும் நெரிசல் தின்ற நேரம்தானே? சராசரி பார்த்தால் அது தெரியாது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாதத்தில் 20 வேலை நாள் என்று வையுங்கள். அதில் 19 நாள் தாமதமாகாமல் போய்ச் சேர, எவ்வளவு நேரம் கையில் வைத்துக் கிளம்ப வேண்டும்? அதை அளக்க வேண்டும். மேலதிகாரி சராசரியைக் கேட்க மாட்டார். இன்றைக்கு ஏன் லேட் என்றுதான் கேட்பார். உங்களுக்குத் தெரியாததா!

எதை அளக்கிறோமோ அதற்குத்தான் இலக்கு வைப்போம். வண்டி வேகம் மட்டுமே இலக்கு என்றால், நடைபாதையை வெட்டிச் சாலையை அகலமாக்கினாலும் வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறவர் சுற்றிப் போவது எந்தக் கணக்கிலும் வராது.

இலக்கு எப்படி மாறலாம் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1998 முதல் மின்னணு முறையில் சாலைக் கட்டணம் வாங்குகிறார்கள். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 என்று வேகத்துக்கு இலக்கு வைத்து, அதைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்கினார்கள். அதே ஊர் 2019இல் வெளியிட்ட 2040க்கான திட்டத்தில் வேறொரு இலக்கையும் சேர்த்தது: நெரிசல் நேரத்தில் நடந்தும் சைக்கிளிலும் பஸ், ரயிலிலும் போகும் பயணங்களில் பத்துக்கு ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இங்கே அளவுகோல் வண்டியல்ல, ஆள். நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் மக்கள் நகர்வதே முக்கியம், வண்டிகள் அல்ல என்றுதான் சொல்கிறது.

நேரம் முடிகிறது. வண்டியோடு ஆளையும் எண்ணுவோம், ஓடும் நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் எண்ணுவோம். நம் நகரங்களின் இலக்குகள் அதிலிருந்து பிறக்கட்டும். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் படிவத்தோடு யாராவது வரக்கூடும். பஸ்ஸில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறீர்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.